இடது கையைத் தடவிப் பார்த்த இரவு

கேள்வி: பேய்க்கதை, மாய உலகக் கதை, இருண்ட புனைவு எல்லாம் படித்தால் உங்களுக்கு உண்மையிலேயே பயம் வருமா? எது உங்களை உலுக்கியது?

பேய்க்கதை படித்து எனக்கு இப்போதெல்லாம் பயம் வருவதில்லை. கதவு தானாகத் திறக்கப்போகிறது என்பது இரண்டு பக்கம் முன்பே தெரிந்துவிடுகிறது. ரத்தம் அதைவிட மோசம், சீக்கிரம் சலித்துவிடும்.

என்னை உலுக்கியது அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரட்' நாவல். எடுத்த எடுப்பிலேயே கதைசொல்லி தன் இடது கை போய்விட்டது என்று சொல்லிவிடுகிறாள். டானா, 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண். திடீர் திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாண்டில் ஓர் அடிமைப் பண்ணையில் போய் விழுகிறாள். எப்படி என்று விளக்கமே கிடையாது. பண்ணை முதலாளியின் மகன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இவள் இழுக்கப்படுகிறாள். அவனைக் காப்பாற்றித்தான் ஆகவேண்டும், அவன் அவளுடைய மூதாதை. முதல் தடவை ஆற்றில் மூழ்கும் சின்னப் பையன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறான், வளர வளர அப்பனின் சாயல் ஏறுகிறது. 'இந்த முறை விட்டுத் தொலையேன்' என்று மனதுக்குள் கத்தினேன். விட்டால் அவளே பிறக்கமாட்டாள்.

அன்றிரவு இடது கைமேல் படுத்துத் தூங்கிவிட்டேன் போல. மரத்துப்போய் விழிப்பு வந்தது. வலது கையால் தோளிலிருந்து விரல்வரை தடவிப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன.

மாய உலகக் கதைகளில் வரைபடமும் வாள்சண்டையுமாக நீண்டால் எனக்குப் பொறுமை கிடையாது. என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' விதிவிலக்கு. மகனைப் பறிகொடுத்த தாயை 'நீ' என்றே அழைத்துக் கதை நகர்கிறது. பாதியில் அந்த 'நீ' நானாகிவிட்டேன்.

அப்புறம் லவ்கிராஃப்ட், பழைய அமெரிக்கத் திகில் கதைக்காரர். விரும்பிப் படித்தவன்தான். நியூயார்க்கின் ரெட் ஹூக் பகுதி பற்றிய அவருடைய கதையில் மட்டும் ஏதோ உறுத்தியது. பூதத்தின்மேல் காட்டிய அருவருப்பைவிட, அங்கே குடியேறிய ஏழைகள்மேல் கொட்டிய அருவருப்பு அதிகம். விக்டர் லவால் என்ற கறுப்பின எழுத்தாளர் 2016இல் அதையே மறுபக்கத்திலிருந்து 'தி பேலட் ஆஃப் பிளாக் டாம்' என்று எழுதினார். லவ்கிராஃப்ட் கதைகளில் வரும், கடலடியில் உறங்கும் கடவுள் அதிலும் உண்டு. ஆனால் நான் புத்தகத்தை மூடிவைத்தது வேறோர் இடத்தில். நாயகனின் அப்பா கையிலிருந்த கிதாரைத் துப்பாக்கி என்று நினைத்துச் சுட்டதாக ஒரு துப்பறிவாளன் சொல்கிறான். குண்டு தீர்ந்ததும் மறுபடி நிரப்பிச் சுட்டதையும் அதே நிதானத்தோடு சொல்கிறான். (கதையைப் போட்டு உடைத்துவிட்டேன், மன்னிக்கவும்.)

லவ்கிராஃப்டைத் தூக்கிப் போட்டுவிட்டேனா என்றால், இல்லை. அவர் கடலை எழுதும்போது இன்னும் முதுகு சில்லிடுகிறது. கோரமான முகங்கள் என்று வரும் இடங்களில் மட்டும் யாருடைய முகம் என்று நின்று பார்க்கிறேன்.