கைநாட்டுக்காரரான என் தாத்தாவுக்குப் புரிந்தது

"அந்தக் காலத்தில் ரேடியோவில் விஞ்ஞானம் பேசினார்களே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதில் என்ன புரிந்திருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்களாக இருந்திருக்கலாம். என் தாத்தா கைநாட்டு. மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நிலத்தில் குறுவை போட்டவர்.

1966-ல் திருச்சி வானொலியில் விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவு வந்தது. ஆடுதுறை 27 என்ற நெல் பரவிய சமயம் அது. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 நெல்லையும் சேர்த்து உருவாக்கிய ரகம், 105 நாளில் அறுப்பு. ரேடியோவில் கேட்டுப் போட்டதால் தஞ்சாவூர்ச் சீமையில் அதற்குப் பெயரே ரேடியோ நெல்.

தாத்தா சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் போய் உட்காருவார். ஒருநாள் அங்கே கேட்டுவிட்டு வந்ததும் அண்டாவில் தண்ணீர் வைத்து உப்பைக் கொட்டிக் கரைத்தார். அடைக்கு வைத்திருந்த முட்டையில் ஒன்றை எடுத்துப் போட்டார். அப்பாயி கத்தியிருக்கிறார். முட்டை மிதந்து, நாலணா அகலத்துக்கு மேலே தெரிந்ததும் விதைநெல்லைக் கொட்டினார். பதரும் அரைகுறையாய் விளைந்த கருக்காயும் மேலே வந்துவிட்டன, திரண்ட மணி அடியில் தங்கியது. அதை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு ஊறப்போட்டார். அடர்த்தி என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் உப்பு குறைந்தால் கருக்காயும் அடியில் போய்விடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான், என் பள்ளிக்கூடம் இல்லை.

உடனே சிலர் வருவார்கள், எல்லாம் ரேடியோவா செய்தது என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. 1960-லேயே தஞ்சாவூரில் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கியாயிற்று. கிராம சேவகர், கூட்டுறவுச் சங்கக் கடன், விதை, உரம் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. உரப் பழக்கத்தில் மண் கெட்டதும் உண்மைதான், அதையும் மறைக்கவில்லை. நீங்கள் கேட்டது, அவர்களுக்குப் புரிந்ததா என்று; அதற்குத்தான் பதில்.

இப்போது பாருங்கள், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குள் ஒரு கருவியை வைக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று என் மூட்டைகளை ஒதுக்கினார்கள். ராத்திரி மழையில் நனைந்து முளைவிட்டது. எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன், பதில் சொல்ல ஆள் இல்லை. அன்று ரேடியோவில் பேசியவர் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்.

தாத்தா போன பிறகும் அப்பாயி முட்டை மிதக்காமல் விதைநெல்லைத் தண்ணீரில் கொட்ட விட்டதில்லை.