அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் இறுதிச் சடங்குச் செலவில் அரசு எதை ஏற்கும்?

அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் என்பதால் முழுச் செலவையும் அரசே ஏற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காது. தேசியக் கல்லறையில் இடம், குழி தோண்டி மூடுவது, பெயர் பொறித்த கல், கொடி இவை இலவசம். சவப்பெட்டி, தகனம், இறுதிச்சடங்கு நிலையக் கட்டணம் குடும்பத்தின் பொறுப்பு. பெரிய தொகை அதுதான், அதற்கே சேமியுங்கள்.

முதல் வேலை, ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான டிடி 214 (DD 214) சான்றைத் தேடுவது. அதில் இரண்டு வகைப் பிரதி உண்டு. சுருக்கப் பிரதியில் எந்த முறையில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதைச் சொல்லும் 24ஆம் கட்டம் இருக்காது. பலர் தடுமாறுவது இங்கேதான். அந்தக் கட்டமும் உள்ள முழுப் பிரதியான 'மெம்பர் 4' பிரதியையே வைத்திருங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே, முன்கூட்டியே தகுதி கேட்கும் 40-10007 படிவத்தை அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறைக்கு அனுப்பினால் தகுதி முன்கூட்டியே முடிவாகிவிடும். ஆனால் கல்லறையில் இடம் ஒதுக்கிவைக்க மாட்டார்கள்.

பணி சார்ந்த காரணத்தால் மரணம் என்றால் 2,000 டாலர் வரை அடக்க உதவித்தொகை கிடைக்கலாம்.