பழைய படம், புதிய தட்டு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த தமிழ்ப் படக் கேசட்டுகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக மாவு படிந்ததுபோல் தெரிகிறது. இவற்றில் சில படங்கள் இணையத்தில் எங்குமே இல்லை. வீடியோ பிளேயரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கூடாது, அம்மா. அது பூஞ்சை. பிளேயரில் நாடாவைப் படிக்கும் சுழலும் தலையில் அது ஒட்டிக்கொண்டால் அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். நாடாவே தலையில் ஒட்டிக் கிழிவதும் உண்டு. விஎச்எஸ் நாடா அரை அங்குல அகலம்தான். அதன் மேல் விளிம்பில் ஒலி பதிவாகியிருக்கிறது. கீழ் விளிம்பில் ஓட்டத்தைச் சீராக வைக்கும் கட்டுப்பாட்டுத் தடம் இருக்கிறது. பூஞ்சை முதலில் பிடிப்பது இந்த இரண்டு விளிம்புகளைத்தான். அதனால்தான் பூசணம் பிடித்த கேசட்டில் படம் ஓரளவு தெரிந்தாலும் வசனம் கம்மிப்போகிறது, திரை துள்ளுகிறது.

முதல் வேலை உலர்த்துவது. கேசட்டுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடி ஒரு வாரம் வையுங்கள். ஈரப் பூஞ்சையைத் தொட்டால் இழுகிக்கொண்டு இன்னும் பரவும். காய்ந்தது தூளாக உதிரும். காய்ந்த பிறகே திறக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, நிழலில், மின்விசிறி இல்லாத இடத்தில், என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கேசட்டின் அடிப்பக்கத்தில் ஐந்து திருகாணிகள் இருக்கும். பிளஸ் திருப்புளி போதும். திருகாணிகளைக் கழற்றியதும் கேசட்டை நிமிர்த்திப் பிடித்து மேல் மூடியை மெல்லத் தூக்குங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்று எதையும் தொடுவதற்கு முன் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்க மூடியின் சின்ன ஸ்பிரிங் தெறித்து விழும் என்பதால் கீழே ஒரு துணி விரித்திருக்கட்டும். இரண்டு சுருள்களையும் அப்படியே எடுத்து, நல்ல நிலையில் உள்ள வேண்டாத கேசட் ஒன்றின் கூட்டுக்குள் மாற்றுங்கள். பழைய கூட்டைத் தேய்த்துக் கழுவுவதைவிட இது சுலபம், சுத்தமும்கூட.

நாடாவைத் துடைக்க நூல் உதிராத மெல்லிய துணி வேண்டும். டிஷ்யூ காகிதம் ஆகாது. அதன் துகள் நாடாவிலேயே தங்கிவிடும். துணியை மடித்து நாடாவின் இரு பக்கமும் படும்படி லேசாகப் பிடித்துக்கொண்டு, சுருளைக் கையால் ஒரே திசையில் சுற்றுங்கள். துணி அழுக்கானதும் மடிப்பை மாற்றுங்கள். பெரும்பாலும் உலர்ந்த துணியே போதும். பிடிவாதமான கறைக்கு மட்டும் 99 விழுக்காடு ஐசோபுரோபில் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுக்கொள்ளலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் மீதி தண்ணீர் என்பதால் அதை நாடாவில் படவிடாதீர்கள்.

பிறகு, கெட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய பிளேயரில் போட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். 'நிறம் சரியா, ஒலி சரியா' என்று ஐந்து முறை ஓட்டிப் பார்க்க இந்த நாடாவுக்கு ஆயுள் இல்லை. நம் மலேசியக் கேசட்டுகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தவை. ஆகவே 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள் (ஃபிரேம்), இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃபிரேமும் இரு பாதி வரிகளாகப் பதிவாவது) அப்படியே இருக்கட்டும். இழப்பற்ற முறையில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும். அதை மூலப் பிரதியாக (மாஸ்டர்) வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குச் சின்னக் கோப்பு ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளலாம். மலிவான யுஎஸ்பி பதிவுக் கருவிகளில், ஆடும் நாடாவிலிருந்து வரும் சமிக்ஞை தடுமாறிச் சில ஃபிரேம்கள் விடுபடும். இடைவேளைக்குப் பிறகு உதடு ஒருபுறம், வசனம் ஒருபுறம் என்று ஆவது இதனால்தான். பிளேயருக்கும் கருவிக்கும் நடுவே ஒரு டிவிடி ரெக்கார்டரை இணைத்து, அதன் வழியாகச் சமிக்ஞையைக் கடத்தினால் பெரும்பாலும் சீராகிவிடும்.

ஒவ்வொரு கேசட் முடிந்ததும் தலையைச் சுத்தம் செய்யுங்கள். ஆல்கஹால் தொட்ட மான்தோல் குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலை பொருத்தப்பட்ட உருளையைத்தான் கையால் சுழற்ற வேண்டும். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் தலை முறிந்துவிடும்.

கேள்வி: பிரிட்டனிலிருந்து ஒரு பழைய இந்தோனேசியத் திகில் படத்தின் புளூரே வரவழைத்தேன். 'இந்த வட்டாரத்துக்கு உரியதல்ல' என்று பிளேயர் மறுக்கிறது. தட்டு போலியா?
– வாசகர், செந்தூல்

பதில்: தட்டு அசலாகத்தான் இருக்கும். புளூரேக்கு மலேசியா ஏ வட்டாரம், பிரிட்டன் பி, இந்தியா சி. டிவிடியில் கணக்கு வேறு: நமக்கு 3, இந்தியாவுக்கு 5, பிரிட்டனுக்கு 2, அமெரிக்காவுக்கு 1. டிவிடி பூட்டைப் பல பிளேயர்களில் ரிமோட்டில் எண்களை அழுத்தியே திறக்கலாம். புளூரே பூட்டு அப்படிச் சுலபத்தில் திறக்காது. அனைத்து வட்டாரத்துக்கும் மாற்றப்பட்ட பிளேயரை வாங்குவதே வழி. இனி வாங்குமுன் உறையின் பின்புறம் ஏ, பி, சி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 4கே தட்டுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் புளூரே தட்டு பூட்டியே இருக்கலாம்.

இன்னொன்று. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. திரைப்படத் தணிக்கைச் சட்டம் 2002 வீட்டில் வைத்திருக்கும் தட்டுக்கும் பொருந்தும். ஆபாசப் படத்தை வைத்திருப்பதே குற்றம். வெட்டப்படாத முழுப் பதிப்பு என்று வெளிநாட்டு நிறுவனம் விளம்பரப்படுத்தும் படங்களில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் 1957இல் வந்த பொந்தியானாக் படத்தின் தட்டு எங்கே கிடைக்கும்?
– அதே வாசகர்

பதில்: கிடைக்காது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்த அந்தப் படமும், அதே ஆண்டில் வந்த இரண்டாம் பாகமும் காணாமல் போனவை. தயாரிப்பாளர் சுருள்களை ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. 1958இல் வந்த மூன்றாவது படமான சும்பா பொந்தியானாக் பிழைத்திருக்கிறது. சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணகம் அதைப் புதுப்பித்திருக்கிறது. அந்த ஆவணகத்திலுள்ள கேத்தே-கிரிஸ் படநிறுவனத்தின் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. மூலச் சுருள் இல்லாமல் எந்த நிறுவனத்தாலும் மறுவெளியீடு செய்ய முடியாது. ஆயர் ஈத்தாம் வாசகியின் பெட்டியை நாம் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

கேள்வி: பழைய தமிழ்ப் படங்களை 'புதுப்பித்த பதிப்பு' என்று விற்கிறார்கள். வாங்கத் தகுந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் உள்ள டிவிடி, இணையத்தில் சொல்லும் நீளத்தைவிட ஆறு நிமிடம் குறைவாக இருக்கிறது. வெட்டியிருக்கிறார்களா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நீளத்தை முதலில் முடித்துவிடுவோம். திரையரங்கில் நொடிக்கு 24 ஃபிரேம்கள், பால் முறையில் 25. சுருளை அப்படியே ஏற்றினால் படம் 4 விழுக்காடு வேகமாக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் ஆறு நிமிடம் அங்கேதான் போயிருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்யப் பாட்டைக் கேளுங்கள். வேகம் கூடியிருந்தால் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். இசைத்தட்டில் அதே பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே தெரியும். சுருதி சரியாக இருந்தும் நிமிடம் குறைந்தால் அது பெரும்பாலும் வெட்டுதான். பாட்டையோ நகைச்சுவைப் பகுதியையோ எடுத்திருப்பார்கள், அல்லது தணிக்கைக்குப் போன பதிப்பாக இருக்கும்.

அடுத்தது சட்டகம். அந்த நாள் (1954) காலத்துப் படங்கள் ஏறக்குறைய சதுரமானவை. அகலத் தொலைக்காட்சியை நிரப்பவேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் படத்தில் கால் பங்கு போய்விடும். நெற்றி அறுபட்ட முகங்கள், பாதம் தெரியாத நடனம், விளிம்பில் இடிக்கும் எழுத்துகள் ஆகியவை இதன் அடையாளம். ராஜராஜ சோழன் (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம். அதற்குப் பின் வந்த ஸ்கோப் படங்களுக்கு நேர்ந்த கேடு வேறு விதம். பழைய கேசட், விசிடி காலத்தில் இரு பக்கமும் வெட்டினார்கள். பேசுபவர் இருக்க, கேட்பவர் மறைந்துபோனார். ஊமை விழிகள் (1986) போன்ற படத்தை மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு பார்த்தால்தான் அது எடுக்கப்பட்ட விதமே விளங்கும். கருப்புப் பட்டையைக் குறையாக நினைக்காதீர்கள்.

மூன்றாவது, துடைத்தெடுத்த முகம். அவள் அப்படித்தான் (1978) கருப்பு வெள்ளைப் படம். சுருளின் மணல்துகள் போன்ற புள்ளிகள் (கிரெயின்) அதன் உடம்பிலேயே இருக்கின்றன. மென்பொருளால் அவற்றை வழித்தெடுத்தால் தோல் மெழுகாகிவிடும், புடவை நெசவு காணாமல் போகும். விளம்பரப் படங்களில் நெற்றி மயிரும் துணியின் இழையும் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒலியில், 5.1 (சுற்றொலி) என்று எழுதியிருந்தால் பழைய மோனோவும் (ஒற்றைத் தட ஒலி) கூட இருக்கிறதா என்று கேளுங்கள். மோனோவை நீக்கிவிட்டு, புதிதாக இடியோசை சேர்த்த தட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மூன்று படம் ஒரே டிவிடியில் என்று விற்கும் தட்டுகளைத் தவிருங்கள். இரட்டை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 8.5 ஜிபி. தலா இரண்டரை மணி நேரம் ஓடும் மூன்று படங்களைத் திணித்தால் நொடிக்கு 2.5 மெகாபிட்தான் கிடைக்கும். மழைக் காட்சியும் கூட்டக் காட்சியும் கட்டம் கட்டமாக உடையும்.

கேள்வி: விசிடியைக் கணினியில் நகலெடுத்தால் பாதியில் பிழை காட்டுகிறது. அதே தட்டு பிளேயரில் ஓடுகிறதே?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: விசிடியில் இடத்தை மிச்சப்படுத்த, சாதாரணக் கணினித் தட்டில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தத்தை விட்டுவிட்டார்கள். பிளேயர் கீறலைத் தாண்டி ஓடிவிடும். கணினி அங்கேயே நின்றுவிடும். கோப்பை இழுத்துப் போடாமல், படிக்க முடியாத பகுதியைத் தாண்டிச் செல்லும் மீட்பு மென்பொருளால் முழுத் தட்டையும் எடுங்கள். ஒரு டிரைவில் வராத பகுதி இன்னொன்றில் வரும் என்பதால் இரண்டு மூன்று டிரைவ்களில் முயலுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி அதிகத் தகவலைத் தின்றுவிடும்.

கேள்வி: லோரோங் கூலிட்டிலும் அம்கார்ப் மால் பழைய பொருள் சந்தையிலும் தட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அசலை எப்படி அறிவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உறையை நம்பாமல் தட்டைத் திருப்புங்கள். அடிப்பக்கம் ஊதா அல்லது நீலமாக இருந்தால் வீட்டில் எரித்த நகல். ஆலையில் அச்சிட்டது வெள்ளி நிறம். இரட்டை அடுக்கானால் லேசான பொன்னிறம். நடு வளையத்தில் ஐஎஃப்பிஐ (IFPI) என்று தொடங்கும் பொடி எழுத்துகளைப் பாருங்கள். மலேசியப் பதிப்பானால் பெரும்பாலும் ஹோலோகிராம் முத்திரையும் ஒட்டப்பட்டிருக்கும். பிறகு தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசித் துளைகள் போல ஒளி வந்தாலோ, விளிம்பில் காப்பி நிறம் படர்ந்திருந்தாலோ பிரதிபலிக்கும் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது. கிடைக்காத படமானால் அதையும் வாங்கி, அன்றே நகலெடுத்துவிடுங்கள்.