வீட்டைக் கொடுத்துவிட்டு வான் வண்டியில் போகலாமா?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவர் பேருந்து டிப்போ ஒன்றின் வேலைத்தலத்தில் இயந்திரம் திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர். என் சீதனக் காணியில் நாங்கள் கட்டிய வீட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக வாழ்ந்து வருகிறோம். 1995 இடப்பெயர்வின்போது சாவகச்சேரியில் இருந்த சில மாதங்கள் மட்டுமே அதைப் பிரிந்திருந்தோம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சென்ற வருடம் மெல்பேணில் உள்ள மகளிடம் போயிருந்தபோது, அவள் படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு காம்பர் வானை வாடகைக்கு எடுத்துக் கிரேட் ஓஷன் வீதி வழியே எங்களைக் கூட்டிச் சென்றாள். தங்கிய இடங்களில், எங்கள் வயதை ஒத்தவர்கள் வீட்டை விற்றுவிட்டு வருடக்கணக்காக வானிலேயே திரிவதைக் கண்டோம். அன்று தொடக்கம் இவருக்கு வேறு நினைவில்லை. பழைய ஹையேஸ் வான் ஒன்றை வாங்கி, தானே கட்டிலும் குசினியும் அமைத்து, இரண்டு வருடம் இலங்கை முழுவதும் சுற்ற வேண்டும் என்கிறார். காங்கேசன்துறையில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கும் வானைக் கொண்டு போகலாம் என்கிறார். பணத்துக்கு வீட்டை விற்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

எனக்கும் போக விருப்பம்தான். ஆனால் வீட்டை நினைத்தால் நித்திரை வருவதில்லை. என் தமக்கையார், “நாங்கள் ஓடித் திரிஞ்சது காணாதோ, இனி ஆசைப்பட்டு வேற திரியவோ?” என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விற்பதா, வாடகைக்கு விடுவதா, பூட்டிவிட்டுப் போவதா? அறுபதைத் தாண்டிய, நீரிழிவு உள்ள ஒருவருக்கும் அவருடைய மனைவிக்கும் இந்த நாட்டில் இது நடக்கக்கூடிய காரியந்தானா?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள ரீச்சர்,

போங்கள். வீட்டை விற்கவும் வேண்டாம், பூட்டி வைக்கவும் வேண்டாம். திரும்பி வரும் நாளைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

விற்பனையை முதலில் முடித்துவிடுவோம். காணி உங்கள் சீதனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது உங்களுடைய தனிச் சொத்து; யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையின்படி அதை விற்கும் உரிமை உங்கள் கணவருக்கு இல்லை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ், அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் நீங்களும் அதை விற்க இயலாது. இந்த இரண்டாவது விதி பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று பலர் கண்டித்திருக்கிறார்கள். நானும் அவ்வாறே எண்ணுகிறேன். ஆயினும் உங்கள் விடயத்தில் இது ஒன்றைத் தெளிவாக்குகிறது: ‘விற்கலாம்’ என்று அவர் சொல்வது அவருடைய விருப்பம் மட்டுமே. முடிவு உங்கள் கையெழுத்தில்லாமல் நடக்காது.

விற்க வேண்டிய தேவையும் இங்கே இல்லை. அவுஸ்திரேலியாவைச் சுற்றிச் செல்லும் முதலாம் இலக்க நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை ஆறுதலாகச் சுற்ற நினைப்பவர் ஒரு வருடத்துக்கும் மேலாக வீட்டுப் பக்கம் வர முடியாது. அதனால் வெறும் வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டிருப்பதைவிட விற்பது மேல் என்று அவர் கணக்குப் பார்ப்பதில் நியாயம் உண்டு. போகும் வழியெங்கும் தண்ணீரும் மின்சாரமும் தரும் தரிப்பிடங்களும், சிறிய ஊர்களில்கூடக் கழிவைக் கொட்டுவதற்கான இடங்களும் அவருக்கு உள்ளன. நம்முடைய தீவின் பரப்போ 65,610 சதுர கிலோமீற்றர். பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடையில் நேர்கோட்டில் 430 கிலோமீற்றர் அளவுதான் வரும். எந்த மூலையில் நின்றாலும் விடியப் புறப்பட்டால் இரவுக்குள் கொக்குவிலுக்கு வந்துவிடலாம். இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் வீட்டை, அதிலிருந்து விலகியிருக்கும் ஆசைக்காக விற்பவர், ஆசை தீர்ந்த பின்னர் அந்த விலைக்கு அந்த ஊரில் இன்னொன்றை வாங்கப் போவதில்லை.

இனி உங்கள் தமக்கையாரின் கேள்வி. உங்களுடைய கடிதத்தில் மிகவும் கனமான வரி அதுதான், அதைப் பழமைவாதம் என்று தள்ள எனக்கு மனமில்லை. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள் சில நாட்களில் திரும்பலாம் என்றுதான் கதவைச் சாத்தினார்கள்; மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டதே 2017 இல். அதே 1990 இல், ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் வாழ்ந்த சோனகத்தெருவுக்குப் பின்னர் திரும்பி வந்தவர்களில் பலர் கண்டது கூரையும் நிலையும் இல்லாத சுவர்களை. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்தில் இருந்த நாம் அனைவரும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தோம். ஆகவே நம் தலைமுறை வீட்டைப் பூட்டிய ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ சொல்லித்தான் பூட்டியது. திரும்பும் நாளையும் வேறு யாரோ வைத்திருந்தார்கள். அந்த அனுபவத்தோடு ஒருவர் தானாகவே வீட்டைவிட்டு இறங்குவதைப் பார்க்கும்போது, உங்கள் தமக்கையாருக்கு வயிறு கலங்குவது இயல்பு.

ஆனால் அதற்கு முந்திய தலைமுறையின் பயணங்களையும் அவருக்கு நினைவூட்டுங்கள். அரிசியும் சட்டிபானையும் ஏற்றிய கூடார வண்டில்களில் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போனவர்கள் வழியில் மரத்தடியில் சமைத்தார்கள், வண்டிலின் கீழே படுத்தார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கால்நடையாகக் கதிர்காமத்துக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் ஒன்றரை மாதம் அளவில் வீட்டை மறந்துதான் நடக்கிறார்கள். கரையோரத் தொழிலாளர் பருவத்துக்குப் பருவம் வேறு கரைகளில் வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். உண்பதும் உறங்குவதும் வண்டியில் என்பது மெல்பேணில் பிறந்த எண்ணம் அன்று. அந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் இரண்டு விடயங்கள் நிச்சயமாக இருந்தன: கோயில் நாட்காட்டி அல்லது காற்று மாறும் பருவம் திரும்பும் நாளைச் சொன்னது, போனவர்கள் வரும்வரை வீட்டில் யாரோ விளக்கேற்றினார்கள்.

அதனால்தான் இரண்டு வருடம் என்ற உங்கள் கணவரின் திட்டத்துக்கு நான் உடன்படவில்லை. வைகாசியில் புறப்பட்டு நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வீட்டுக்கு வாருங்கள். அது பிடித்திருந்தால், அடுத்த வருடமும் போகலாம்.

வீட்டைப் பூட்ட வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணங்கள் நீங்கள் அறியாதவை அல்ல. ஆளில்லாத வீட்டில் கறையான் கதவு நிலையில்தான் தொடங்கும். அள்ளாத கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகும். அணில் நகர்த்திய ஒரே ஓட்டினால் ஒரு மாரியில் ஓர் அறை முழுவதும் ஊறிவிடும். இவற்றோடு டெங்கும் சேர்ந்துகொள்ளும். பூட்டிய வளவில் சிரட்டையிலோ தண்ணீர்த் தாங்கியிலோ நுளம்புக் குடம்பி கண்டால், 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு உரிமையாளர் மீதுதான் வரும். நீங்கள் அம்பாந்தோட்டையில் நிற்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு பொருட்டல்ல.

வாடகைக்கு இருப்பவர் வளவைப் பிடித்துவிடுவார் என்ற பயம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஆட்சியுரித்துப் பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம், உரிமையாளருக்கு எதிரான, தடையற்ற பத்து வருட ஆட்சியைக் கேட்கிறது. வாடகை கொடுத்து இருப்பவர் ஒவ்வொரு மாதமும் உங்கள் உரிமையை ஏற்றுக்கொண்டே இருக்கிறார். அவருடைய இருப்பை அப்படி எதிரான ஆட்சியாகக் கணக்கிட முடியாது. ஆகவே ஆபத்து வாடகையில் இல்லை, எழுத்தில்லாத தயவில் இருக்கிறது. ‘சும்மா பார்த்துக்கொள்ளட்டும்’ என்று உறவினரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்க வெட்கப்பட்டுக் காணியை இழந்தவர்களை நீங்களும் அறிவீர்கள். கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். இரண்டு மூன்று மாணவிகளுக்கோ ஓர் இளம் விரிவுரையாளர் குடும்பத்துக்கோ நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உடன்படிக்கையோடு வீட்டின் ஒரு பகுதியைக் கொடுங்கள். உங்கள் படுக்கையறையையும் சாமியறையையும் உங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை டீசலுக்கு உதவும், கிணறும் இறைபடும்.

வானைப் பற்றி உங்கள் கணவர் என்னைவிட நன்கு அறிந்தவர். ஆகையால் அவர் கவனிக்காமல் விடக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். கட்டிலும் குசினியும் கடிதத்தில் இருக்கின்றன, மலசலகூடம் இல்லை. (திட்டத்தை வரைந்தவர் ஓர் ஆண் என்பது அதிலேயே தெரிகிறது.) இழுத்தெடுத்துக் கழுவும் பெட்டியுள்ள சிறிய கழிப்பிடத்தைப் பொருத்தலாம், அதன் பெட்டி ஏறத்தாழ இருபது லீற்றர் கொள்ளும், இரண்டு பேருக்கு மூன்று நாட்களில் நிறையும். அதைக் கொட்டுவதற்கு இங்கே பொது இடங்கள் இல்லை. ஆகவே மூன்றாவது நாள் இரவு தோறும் கோயில் மடத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவது என்று இப்போதே தீர்மானியுங்கள். குளிப்பும் உடுப்புத் தோய்ப்பும் அந்த நாளிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது வெக்கை. கிரேட் ஓஷன் வீதி ஓடுவது குளிர்ந்த தென்கடலின் கரையில். அங்கே கோடை இரவிலும் போர்வை தேடுவார்கள். இங்கே கரையோரத்தில் சித்திரை, வைகாசி இரவுகளில் வெப்பம் 25 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது, வானுக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். குளிரூட்டி பூட்டலாம் என்பார் உங்கள் கணவர். 12 வோல்ற், 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி ஒன்று கொடுப்பது ஒன்றேகால் அலகு மின்சாரம். ஆயிரம் வாற் குளிரூட்டி அதை ஒன்றேகால் மணித்தியாலத்தில் குடித்துவிடும். அதே பற்றரியில் இரண்டு இருபது வாற் விசிறிகள் ஓர் இரவு முழுவதும் சுழலும், சிறிய குளிர்பெட்டியும் ஓடும், கூரையில் சூரியத் தகடு இருந்தால் மறுநாள் பின்னேரத்துக்குள் திரும்ப நிறைந்துவிடும். ஆகவே நுளம்பு வலை அடித்த பெரிய யன்னல்கள், விசிறி, நிழல் பார்த்து நிறுத்தும் பழக்கம். இன்சுலின் போடுபவராயின், அந்தக் குளிர்பெட்டி சாப்பாட்டுக்கு முன் மருந்துக்குரியது; வெயிலில் நிறுத்திய வான் ஒரு போறணை, இன்சுலின் அதில் கெட்டுவிடும். மாதாந்தக் கிளினிக் நாளை ஒட்டியே பயணத் துண்டுகளை அமையுங்கள்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், மேலேயுள்ள யன்னல் அதற்கு உதவாது. சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பெரிக்கவே கூடாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய ஹையேஸ்களின் விலை எங்கோ போய்விட்டது. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகை வானில் மெத்தை போட்டுப் படுத்துப் பாருங்கள். வாங்கினால், கட்டிலையும் குசினியையும் கழற்றக்கூடிய பெட்டிகளாகச் செய்யுங்கள். உடலமைப்பை நிரந்தரமாக மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும், காப்புறுதிக்காரருக்கு அறிவித்தலும் தேவைப்படும்.

வழியைப் பொறுத்தவரை, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் தெற்கும் மேற்கும் நனையும், கிழக்கு உலர்ந்திருக்கும். எனவே திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று இறங்குங்கள். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் காட்டுவழி ஆடிவேல் காலத்து நடைபயணிகளுக்கே உரியது. நீங்கள் மொனராகலை, புத்தள வழியாகச் சுற்றிப் போக வேண்டும். புத்தளவுக்கும் கதிர்காமத்துக்கும் இடையில் யானைகள் வாகனத்தை மறித்துத் தின்பண்டம் கேட்கும். பகலில் போங்கள், எதையும் கொடுக்காதீர்கள், அந்தப் பகுதியில் இரவு தரிக்க நினைக்கவே வேண்டாம். ஹபரணைச் சுற்றுவட்டத்துக்கும் இதே அறிவுரைதான். வெக்கை தாங்காவிட்டால் பண்டாரவளைக்கோ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கோ ஏறிவிடுங்கள். மெல்பேணில் பழகிய போர்வை அங்கே உதவும்.

கப்பல் விடயத்தில் உங்கள் கணவருக்கு ஏமாற்றந்தான். 2023 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் பயணிகளை மட்டுமே ஏற்றுகிறது, வாகனங்களை ஏற்றுவதில்லை. தமிழ்நாட்டைப் பார்க்க விரும்பினால், வானைக் கொக்குவில் வளவில் நிறுத்திவிட்டு, வீசா எடுத்துக்கொண்டு இருவரும் பைகளோடு போங்கள். நாகபட்டினத்திலிருந்து திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் பேருந்தும் ரயிலும் உண்டு. வாடை வீசும் மாரிக்காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள் என்பதால், மாசிக்குப் பிறகு பயணச்சீட்டுப் போடுவது நல்லது.