பழைய லேப்டாப்பில் எஸ்டிஆர் திணறுகிறதா? புது லேப்டாப் வேண்டாம்

கேள்வி: செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் என்னிடம் இருக்கிறது. யூஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிள் (லேப்டாப்பை ரேடியோவாக்கும் சின்னக் கருவி) வாங்கி, அதற்கான எஸ்டிஆர் ஷார்ப் என்ற புரோகிராமைப் போட்டு, புதுச்சேரி 102.8 எஃப்எம் கேட்டுப் பார்த்தேன். குரல் விட்டு விட்டு வருகிறது, கொஞ்ச நேரத்திலேயே விசிறி இரைகிறது. கடையில், 'இந்த மெஷின் தாங்காது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது எடு' என்கிறார்கள். அப்பா கடன் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாங்கத்தான் வேண்டுமா? (கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்)

பதில்: முதலில் அப்பாவிடம் போய்க் கடன் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு எஃப்எம் ஸ்டேஷன் கேட்க உங்கள் லேப்டாப்பே போதும்.

டாங்கிள் அலையை எண்களாக்கி லேப்டாப்பில் கொட்டுகிறது, அவ்வளவுதான். ஸ்டேஷனைப் பிரிப்பது, குரலை எடுப்பது, திரையில் வண்ணக் கோடு ஓட்டுவது எல்லாம் பிராசஸர் தலையில் விழுகிற வேலை. விநாடிக்கு எத்தனை முறை அலையை அளக்கிறது என்பதுதான் சாம்பிள் ரேட். அது 2.4 என்று இருந்தால் விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள், சாம்பிளுக்கு இரண்டு பைட், ஆக விநாடிக்கு 48 லட்சம் பைட் உள்ளே வருகிறது. ஒரு எஃப்எம் ஸ்டேஷனோ சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். ஒரு வஞ்சிரத்துக்காகப் படகு மீன் மொத்தத்தையும் வீட்டு வாசலில் கொட்டச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பிறகு பிரிக்க ஆள் போதவில்லை என்றால் எப்படி?

எஸ்டிஆர் ஷார்ப்பை நிறுத்துங்கள். ஓடும்போது சாம்பிள் ரேட்டை மாற்ற முடியாது. பல் சக்கரப் படத்தை அழுத்தி, அதை 0.25-க்குக் கொண்டு வாருங்கள். உள்ளே வரும் சுமை ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகிவிடும். ஸ்டேஷன் திரையின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் சிக்னல் மங்கும். அப்புறம் அந்த வண்ணக் கோடு ஓடும் வாட்டர்ஃபாலை மூடுங்கள். பலர் ரேட்டைக் குறைத்துவிட்டு இதை அப்படியே ஓட விடுகிறார்கள். பாதிச் சூடு அதனால்தான். பேட்டரி சேமிப்பு மோடில் வைக்காமல் சார்ஜரில் போட்டு ஓட்டுங்கள், பிரவுசரை மூடிவிடுங்கள். நம் கடற்கரை ஊர்களில் விசிறியில் தூசி ஈரத்தோடு ஒட்டி அப்பிக்கொள்ளும். ஒருமுறை திறந்து சுத்தம் செய்தால், சூட்டில் வேகம் குறைவது நிற்கும்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மெஷினில் சாம்பிள் ரேட் என்ன என்று அவர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். எக்ஸ்சேஞ்சில் உங்களிடம் அடிமாட்டு விலைக்கு எடுத்து, எஸ்எஸ்டி மாட்டி, இன்னொரு மாணவனுக்கு விற்பதில்தான் சிலருக்குக் கண். இன்னொரு கூட்டம் 'எஸ்டிஆர் முழு சாஃப்ட்வேர் பேக்' என்று பென்டிரைவில் போட்டுக் காசு வாங்குகிறது. எஸ்டிஆர் ஷார்ப், எஸ்டிஆர் பிளஸ் பிளஸ், ஜிக்யூஆர்எக்ஸ் எல்லாமே இலவசம். டிரைவர் (டாங்கிளை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன சாஃப்ட்வேர்) போட்டுத் தருகிறேன் என்பவரிடமும் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸ் இந்த டாங்கிளை டிவி பெட்டி என்று நினைத்துத் தன் டிரைவரைப் போடும். ஸாடிக் என்ற இலவசக் கருவியால் 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்ற வரியைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அவசரத்தில் கீபோர்டையோ மவுஸையோ தேர்ந்தெடுத்துவிட்டால் அது வேலை செய்யாமல் போகும், கவனம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே போகின்றன. அதைப் பிடிக்க ரேட்டைக் குறைக்கக் கூடாது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் அரை மைக்ரோ விநாடிதான், சாம்பிளைக் குறைத்தால் கையில் சிக்காது. விநாடிக்கு 20 அல்லது 24 லட்சம் சாம்பிள் வேண்டும். அப்படியென்றால் பழைய லேப்டாப் திணறுமே என்பீர்கள். திணறாது. டம்ப்1090 என்ற புரோகிராம் வாட்டர்ஃபால் வரைவதில்லை, குரலும் எடுப்பதில்லை, துடிப்பைத் தேடி ஒரு பட்டியலாக எழுதுகிறது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டிலேயே அது ஓடும். ஆனால் விமானங்கள் எங்கே என்று காட்டும் வரைபடத்தை அதே லேப்டாப்பின் பிரவுசரில் திறந்தால் மறுபடி இரைச்சல் தொடங்கும். வரைபடத்தை வைஃபை வழியாக உங்கள் போனில் பாருங்கள், லேப்டாப் துடிப்பைத் தேடுகிற வேலையை மட்டும் பார்க்கட்டும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்றும் மாணவர்கள் கேட்கிறார்கள். எஃப்எம் ஒலிபரப்பு எல்லாருக்கும் பொது. போலீஸ், ராணுவம் பேசுவதன் பக்கமே போகாதீர்கள். இந்த நாட்டில் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதற்கான சட்டம் 1933-ல் வந்தது, 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தது. ஆனாலும் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத் தமிழ் விளக்கம் என் கண்ணில் இதுவரை படவில்லை. ஒரு பக்கம் எழுத இத்தனை வருடமா?

இவ்வளவு செய்தும் குரல் அறுந்தால், டாங்கிளை ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகி, ஆர்டிஎல் டெஸ்ட் என்ற சோதனையை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். சாம்பிள்கள் தொலைகின்றன என்று தொடர்ந்து காட்டினால் யூஎஸ்பி போர்ட்டையோ எக்ஸ்டென்ஷன் கேபிளையோ மாற்றிப் பாருங்கள். ஒன்றும் காட்டவில்லை என்றால் டாங்கிளும் போர்ட்டும் நன்றாகவே இருக்கின்றன, எஸ்டிஆர் ஷார்ப்பின் செட்டிங்கில்தான் இன்னும் ஏதோ மிச்சம். அந்தத் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.