நிஷி கசாயா, கசுகாபேயா?

தம்பி, வரும் ஏப்ரலில் சைதாமா மாநிலத்துக் கசுகாபேயில் நடுநிலைப் பள்ளி ஆங்கில உதவி ஆசிரியராகச் சேரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மனைவியும் 3 வயது மகளும் செப்டம்பரில் வருகிறார்கள். தோக்கியோவில் நம்மவர்கள் கூடி வாழும் நிஷி கசாயில் வீடு எடுத்துக்கொண்டு ரயிலில் போய்வருவதா, பள்ளி இருக்கும் ஊரிலேயே தங்கிவிடுவதா என்று கேட்கிறீர்கள். பள்ளி இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். 14 ஆண்டுகளுக்கு முன் நான் நிஷி கசாயில்தான் தொடங்கினேன். ஓராண்டில் களைத்துப்போய் மாறினேன். அதனால்தான் தயங்காமல் சொல்கிறேன்.

நிஷி கசாயின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த கணினிப் பொறியாளர்களால் வளர்ந்த இடம் அது. அவர்களின் அலுவலகங்கள் நகரின் நடுவே ஒத்தேமாச்சியைச் சுற்றி இருந்தன. தோசாய் ரயில் பாதையில் ஏறினால் நேராகப் போய் இறங்கிவிடலாம். அவர்களுக்குச் சரியாக இருந்த கணக்கு ஆசிரியருக்குச் சரியாக வராது. நம் பள்ளிகள் நகரத்துக்கு வெளியே இருக்கின்றன. காலை எட்டே காலுக்கெல்லாம் ஆசிரியர் அறையில் கூட்டம் தொடங்கிவிடும். அங்கிருந்து கசுகாபே போக, கயாபாசோவில் இறங்கி ஹிபியா பாதைக்கு மாற வேண்டும். அந்த ரயில்களில் சில தொபு பாதையில் நேராக கசுகாபே வரை ஓடுகின்றன. ஆனாலும் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். தோசாய் பாதையின் நெரிசல் நாடறிந்தது. 2019ஆம் நிதியாண்டில் கிபாவுக்கும் மொன்சென் நகாசோவுக்கும் இடையே காலை நேரத்தில் கொள்ளளவில் 199 விழுக்காடு கூட்டம். உங்கள் ரயிலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

நான் ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணிக்குள் கிளம்பி, இரவு ஏழரைக்குத் திரும்பினேன். பக்கத்துத் தெருவில் இட்லி அரிசி கிடைத்தது, அரைக்கத்தான் நேரமில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. வார நாட்களில் அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. பள்ளியிலோ, வகுப்பு முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடும் வெளியூர்க்காரி என்றுதான் என்னை அறிந்திருந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு, பள்ளியிலிருந்து சைக்கிளில் 20 நிமிடத் தொலைவில் வீடு எடுத்தேன். அந்த ஜூலையில் ஒரு மாலை, சந்தைக்கடையில் வலைப்பைகளில் கட்டிய வெண்டைக்காயைப் பார்த்துவிட்டு நான்கைந்து பைகளைக் கூடையில் அள்ளிப் போட்டேன். ஒரு பைக்கு எட்டோ பத்தோ காய்தான் இருக்கும். எதிரே அம்மாவுடன் வந்தவள், ஆண்டு முழுவதும் வகுப்பில் வாயே திறக்காத மாணவி. கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இத்தனையும் உங்களுக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். புளிக்குழம்புக்கு என்று அந்த இடத்திலேயே விளக்கத் தொடங்கினேன். வகுப்பறையில் ஓராண்டு முயன்றும் நடக்காதது காய்கறித் தட்டின் முன்னால் நடந்தது. நம் வேலையின் பாதி இப்படித்தான் நடக்கிறது. அதே ஊரில் இருந்தால்தான் அது கிடைக்கும்.

அதற்காகப் பள்ளிக்கு எதிர் வீட்டைப் பிடித்துவிடாதீர்கள். பால்கனியில் காயும் துணியை மாணவர்கள் எண்ணுகிற தூரத்தில் குடியிருக்க வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. ஒவ்வோர் ஏப்ரலிலும் பள்ளி மாறலாம், சில வேளை நகரமே மாறலாம். ஆகவே பள்ளியைப் பார்த்து வீடு எடுக்காதீர்கள், நிலையத்தைப் பார்த்து எடுங்கள். கசுகாபேயில் தொபு ஸ்கைட்ரீ பாதையும், ஓமியாவிலிருந்து ஃபுனபாஷி வரை போகும் அர்பன் பார்க் பாதையும் சந்திக்கின்றன. எந்தத் திசையில் உங்களை மாற்றினாலும் அங்கிருந்து ரயில் இருக்கும். விளம்பரத்தில் 'நடந்து 10 நிமிடம்' என்று இருந்தால், நிமிடத்துக்கு 80 மீட்டர் என்ற கணக்கில் 800 மீட்டர் என்று பொருள். சிக்னலும் ரயில்வே கேட்டும் அதில் சேராது. மழை நாளில் குழந்தையோடு நடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இதை மட்டும் அசட்டையாக விட்டுவிடாதீர்கள். கசுகாபே ஆறுகளுக்கு நடுவே உள்ள தாழ்நிலம். நகாகவா போன்ற ஆறுகளின் வெள்ளத்தை எதொகவா எனும் பெரிய ஆற்றுக்குத் திருப்ப, அந்த ஊரில் நிலத்துக்கு 50 மீட்டர் அடியில் 6.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் கால்வாய் வெட்டி 2006இல் முடித்தார்கள். அதன் முடிவில் 59 தூண்கள் தாங்கும் பெரிய தொட்டி இருக்கிறது. போய்ப் பாருங்கள், கோயில் மண்டபத்தில் நிற்பதுபோல் இருக்கும். இத்தனை பெரிய ஏற்பாடு தேவைப்பட்ட ஊர் என்பதை மறக்காமல் வீடு தேடுங்கள். நிஷி கசாய் இருக்கும் எதொகவா வட்டமும் இதில் பத்திரமான இடமல்ல. 2019இல் அந்த வட்ட நிர்வாகம் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே 'இங்கே இருக்கக் கூடாது' என்று மக்களுக்கு எழுதியிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் முதல், ஒப்பந்தத்துக்கு முன் அந்த வீடு வெள்ள வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தரகர் காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். அவர் வேகமாக வாசித்துவிட்டுத் தாளைத் திருப்புவார். திருப்ப விடாதீர்கள். எத்தனை மீட்டர் தண்ணீர் ஏறும் என்று கேட்டு, இரண்டாம் மாடிக்கு மேல் பாருங்கள். கட்டடம் 1981 ஜூனுக்குப் பின் அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள். புதிய நிலநடுக்க விதிகள் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தன.

பணம்: 55,000 யென் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஷிகிகின் எனும் முன்பணம் ஒரு மாதம், ரெய்கின் எனும் திரும்பி வராத காணிக்கை ஒரு மாதம், தரகுக் கூலி ஒரு மாதமும் வரியும், முதல் மாத வாடகை, வாடகைக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், தீக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. ஏறத்தாழ ஐந்து மாத வாடகையைக் கையில் வைத்திருங்கள். ரெய்கின் இல்லாத வீடுகளும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் முழுச் சம்பளம் பல இடங்களில் மே மாதக் கடைசியில்தான் வரும். பள்ளி விடுமுறையான ஆகஸ்ட் மாதச் சம்பளம் குறையுமா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு வாடகையை முடிவு செய்யுங்கள்.

வீடு மறுக்கப்படும், தம்பி. மனத்தைத் தயார்செய்து கொண்டு வாருங்கள். தரகர் நம் கண்முன்னே வீட்டுக்காரருக்குத் தொலைபேசுவார், 'கைகொகுஜின்', அதாவது வெளிநாட்டவர் என்ற சொல் காதில் விழும், பிறகு தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்பார். எனக்கு மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை கடைக்கு வெளியே வந்து அழுதேன். நீதி அமைச்சு 2017இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டினரில் சுமார் 40 விழுக்காட்டினர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் ஏதோ குறை என்று எண்ணிக் குன்றிவிடாதீர்கள்.

இந்த அவமானத்தைத் தவிர்க்க நல்ல வழி, யூஆர் எனப்படும் அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்பு. ரெய்கின் இல்லை, தரகு இல்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, உத்தரவாதமும் கேட்பதில்லை. இரண்டு மாத முன்பணம் உண்டு. மாத வருமானம் வாடகையைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. கசுகாபேயிலேயே 1966இல் குடியேற்றம் தொடங்கிய தகேசாதோ குடியிருப்பு இருக்கிறது, செங்கெந்தாய் நிலையத்துக்குப் பக்கம். 1981க்கு முந்திய கட்டடங்கள் என்பதால் நிலநடுக்கச் சோதனை முடிவைக் கேட்டுப் பாருங்கள். மின்தூக்கி இல்லாத மாடிகள் மிகுதி. அரிசி மூட்டையோடும் குழந்தையோடும் ஏற முடியுமா என்பதை உங்கள் மனைவியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மகளைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அவளை இந்தியப் பாடத்திட்டத்தில்தான் படிக்க வைப்பது என்று முடிவு செய்தால் நான் மேலே சொன்னதெல்லாம் மாறும். அந்தப் பள்ளிகள் கோதோ, எதொகவா வட்டங்களில் இருக்கின்றன. ஆனால் கட்டணம் பொறியாளர் சம்பளத்துக்கு ஏற்றது, நம் சம்பளத்துக்குப் பெரும் சுமை. ஜப்பானியப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றால், 3 வயது முதல் யோச்சியென் எனும் மழலையர் பள்ளி இருக்கிறது. 2019 அக்டோபர் முதல் 3 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு மாதம் 25,700 யென் வரை கட்டணத்தை அரசு ஏற்கிறது. நமக்கும் அது பொருந்தும். என் மகன் அங்கேதான் படித்தான். முதல் மூன்று மாதம் வாசலில் என் துப்பட்டாவை விடாமல் பிடித்து அழுதான். நான்காம் மாதம் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினான். வீட்டில் தமிழை மட்டும் விடாமல் பேசுங்கள், அதை அந்தப் பள்ளி செய்து தராது.

நிஷி கசாய்க்கு மாதம் ஒரு ஞாயிறு போய் வாருங்கள். பருப்பு, இட்லி அரிசி, நாலு பேருடன் தமிழ்ப் பேச்சு எல்லாம் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

வீடு பேசி முடித்ததும், அடுப்பு என்ன வகை என்று கேட்டுவிட்டுச் சமையல் பாத்திரங்களைக் கட்டுங்கள். புறநகர் வீடுகளில் பல சிலிண்டர் காஸ் வீடுகள், குழாய் காஸை விடச் செலவு கூடும். மின்தூண்டல் அடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் இரண்டுக்கும் ஆகும்.