ஆரல்வாய்மொழிக் காற்றில் ஆடும் டிரெய்லர்

வணக்கம். வீட்டிலேயே கட்டிய உங்கள் முகாம் டிரெய்லர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது இருபுறமும் ஆடுகிறது என்றும், 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின்கதவை ஒட்டிப் பொருத்தியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே வீசும் பக்கக்காற்று (காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்?) ஆட்டத்தைத் தூண்டிவிடுகிறதே தவிர, மூல காரணம் சக்கர அச்சுக்குப் பின்னால் கிடக்கும் அந்த 60 கிலோதான் என்பது என் கணிப்பு. தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னே நகர்த்தி, சாமான்கள் அனைத்தையும் ஏற்றியபின், சமதளத்தில் டிரெய்லரின் மூக்கை (காருடன் இணையும் முனையை) வழக்கமான உயரத்தில் ஒரு கட்டையின் வழியாக எடைபார்க்கும் இயந்திரத்தின் மேல் ஊன்றிப் பாருங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்க வேண்டும், அது காரின் கையேடு அனுமதிக்கும் அளவைத் தாண்டவும் கூடாது. வழியில் ஆட்டம் தொடங்கினால், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஆட்டத்தைக் குறைக்கும் கருவியான ஆட்டத்தடுப்பானை வாங்கும் யோசனை இருந்தால், எடையை இப்படிச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.